12-உம் 5-உம் 125 ஆவது ஏன்? ஜாவாஸ்கிரிப்ட் கேள்வி பதில்

கோத்தகிரி: பச்சைத் தேயிலை எடை போடும் பக்கம். காலை 12 கிலோ, மாலை 5 கிலோ. மொத்தம் 125 என்கிறது. கழித்தல் மட்டும் சரியாக வருகிறதே?

இன்புட் பெட்டியின் வேல்யூ எப்போதுமே ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்), டைப் நம்பர் என்று போட்டிருந்தாலும். + குறிக்கு ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால் போதும், ஒட்டிவிடும். − குறிக்கு ஒட்டத் தெரியாது. எண்ணாக மாற்றித்தான் ஆகவேண்டும். ஒப்பிடும்போதும் கவனம்: இரண்டும் ஸ்ட்ரிங் என்றால் எழுத்து எழுத்தாகப் பார்க்கும், அதனால் "100" < "25" உண்மை.

மாற்றுவதற்கு பார்ஸ்ஃப்ளோட் வேண்டாம். "1,250" கொடுத்தால் காற்புள்ளியோடு நின்று 1 என்று திருப்பித் தரும். விவசாயிக்கு 1,249 கிலோ நஷ்டம்! நம்பர்() அதற்கு நேன் (எண் அல்ல) தரும், பிழை உடனே தெரியும். ஆனால் காலிப் பெட்டிக்கு அது 0 தரும். எனவே ட்ரிம் செய்து (ஓரத்து இடைவெளிகளை நீக்கி), காலியா என்று பார்த்து, நம்பர்() போட்டு, கடைசியில் முடிவுள்ள எண்தானா என்று நம்பர்.இஸ்ஃபைனைட் சோதனை.

குன்னூர்: அந்தச் சோதனையை செட்டரில் (மதிப்பு கொடுக்கும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) வைத்தேன். கால் ஸ்டேக் (முடியாமல் நிற்கும் ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) நிரம்பிவிட்டது என்று பிழை.

'எடை' செட்டருக்குள்ளேயே திஸ்.எடை = என்று எழுதியிருப்பீர்கள். அது மறுபடி அதே செட்டரைக் கூப்பிடும், முடிவே இல்லை. கிளாஸின் தொடக்கத்தில் #எடை என அறிவித்து (# போட்டால் கிளாஸுக்கு வெளியே தெரியாது), மதிப்பை அதில் வையுங்கள். இன்னொன்று: மூட்டை அந்தக் கிளாஸில் உருவான பொருள்; அ = மூட்டை.எடை = "12" என்றால் செட்டர் எண்ணாக மாற்றினாலும் அ-வில் இருப்பது "12" ஸ்ட்ரிங்தான். செட்டர் திருப்பித் தருவதை யாரும் கேட்பதில்லை.

தலைக்குந்தா: உறைபனி நாளில் சென்சார் 0 டிகிரி அனுப்பினால் "தகவல் இல்லை" என்று வருகிறது.

மாற்று மதிப்புக்கு || (அல்லது) போட்டிருக்கிறீர்கள். அதற்கு 0-வும் இல்லாததும் ஒன்று. ?? போடுங்கள், மதிப்பு இல்லை என்று சொல்லும் நல், அன்டிஃபைண்டு இரண்டுக்கு மட்டுமே மாற்று மதிப்பு எடுக்கும்.

ஊட்டி: கெட்டர் (மதிப்பைப் படிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) மட்டும் உள்ள ப்ராபர்ட்டிக்கு மதிப்பு கொடுத்தால்?

ஸ்ட்ரிக்ட் மோடில் (விதிகள் கடுமையான முறை) டைப்எரர் என்ற பிழை. இல்லையென்றால் சத்தமில்லாமல் போய்விடும், அதுதான் மோசம்.

கூடலூர்: கெட்டர், # எல்லாம் வைத்த மூட்டையை ஜேசனாக்கினால் (தரவை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) வெறும் {} வருகிறது.

கிளாஸில் எழுதிய கெட்டர் ப்ரோட்டோடைப்பில் (அந்தக் கிளாஸின் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான இடம்) இருக்கிறது. ஜேசனாக்கும் ஸ்ட்ரிங்கிஃபை பொருளின் சொந்த ப்ராபர்ட்டிகளைத்தான் பார்க்கும். # உள்ளவை அதன் கண்ணிலேயே படாது. டூஜேசன் என்ற மெத்தடு எழுதி, வேண்டியவற்றை அதில் திருப்பிக் கொடுங்கள். ஆங்கிலப் பெயரில் 'டூ' சிறிய எழுத்து, 'ஜேசன்' நான்கும் பெரிய எழுத்து. மாறினால் மெத்தடைக் கண்டுகொள்ளாது.