ஒலி எழுப்பாத லினக்ஸ் மடிக்கணினி

கேள்வி: புதிய மடிக்கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு டெபியன் 11 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டுமே காட்டுகிறது. சவுண்ட் கார்டு பழுதாகிவிட்டதா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: விண்டோஸில் ஒலி கேட்டிருந்தால், பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எந்த ஒலி அட்டையையும் (சவுண்ட் கார்டு) இயக்க இயலாதபோதுதான் பெரும்பாலும் ‘டம்மி அவுட்புட்’ என்ற பெயர் தோன்றும். அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில், மைக் இணைந்துள்ள ஒலிச் செயலிக்கு ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ என்னும் தனிக் கோப்பு தேவைப்படுகிறது (ஃபர்ம்வேர் என்பது வன்பொருளுக்குள் இயங்கும் மென்பொருள்). 2021இல் வெளியான டெபியன் 11 அதைத் தானாக நிறுவாது என்பதால், கட்டற்ற உரிமம் இல்லாத மென்பொருள்களுக்கான டெபியனின் ‘நான்-ஃப்ரீ’ களஞ்சியத்தைச் சேர்த்து, ‘ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்ட்’ என்ற தொகுப்பை நிறுவி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும்.

அதன் பிறகும் ஒலி வரவில்லையெனில், உங்கள் வன்பொருளை அறியாத அளவுக்கு டெபியன் 11இல் உள்ள 5.10 கர்னல் பழையதாக இருக்கலாம். நான் பரிந்துரைப்பது, 6.1 கர்னலுடன் 2023இல் வந்த டெபியன் 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு; அதன் நிறுவல் வட்டிலேயே இத்தகைய ஃபர்ம்வேர்கள் உள்ளன. (விண்டோஸ் டிரைவரைத் தேடி அலைவது வீண், அது லினக்ஸில் இயங்காது.)

அவசரமென்றால், ஈரோட்டிலோ கோவையிலோ கணினி உதிரிபாகக் கடையில் சிறிய யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிச் செருகுங்கள். அவற்றில் பெரும்பாலானவை டிரைவர் எதுவும் நிறுவாமலே இயங்கும்.