அரசாங்கத்தின் சுகாதாரச் செயலி: காசு எங்கே போகிறது?

அரச சுகாதாரத் துறையின் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். கடைசி ஆறு வருடம், ஆஸ்பத்திரிகளில் நோயாளர் பதிவைக் கணினிக்குக் கொண்டுவரும் ஒரு திட்டத்தில் வேலை. நாட்டுக்கே ஒரு சுகாதாரச் செயலி வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் திருகோணமலையில் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது செலவைப் பற்றித்தான். இந்த முறை வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (உவர்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியை): தம்பி, என் பேரன் கம்பஸில் படித்துக்கொண்டே இரண்டு மாதத்தில் ஒரு ஆப் செய்து காட்டினான். அதையே அரசாங்கம் செய்தால் ஏன் கோடிக்கணக்கில் போகிறது?

ரீச்சர், பேரன் செய்தது போனில் தெரிகிற முகப்பு. அதற்குப் பெரிய காசு போகாது. செயலியைத் திறந்து போன மாதம் எடுத்த சீனி அளவைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். அந்த இலக்கம் எங்கிருந்து வரும்? இன்றைக்குப் பல இடங்களில் ஆய்வுகூடத்தில் ஒருவர் அதைப் பதிவேட்டில் எழுதி, ஒரு துண்டிலும் எழுதித் தருகிறார். அந்தத் துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். செயலிக்கு அதில் ஒன்றும் தெரியாது.

தெரிய வேண்டுமென்றால் ஆய்வுகூடத்திலும் மருந்தகத்திலும் வார்டிலும் கணினி வேண்டும், அறாத இணைப்பு வேண்டும், பதிய ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒரே இலக்கம் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இதுதான் பெரிய சிக்கல். யோகேஸ்வரி என்ற பெயர் கந்தளாயில் சிங்கள எழுத்தில் பதியப்படும், மூதூரில் தமிழில், திருகோணமலையில் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டலில். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். மூன்றையும் ஒருவராக்கும் வேலைக்கு மாதக்கணக்கில் ஆட்கள் உட்கார வேண்டும். அந்தச் செலவை எந்த விளம்பரத்திலும் பார்க்க மாட்டீர்கள்.

கேள்வி (கின்னியா, இரண்டு பிள்ளைகளின் தாய்): இவ்வளவு காசு போட்டு எங்களுக்கு என்ன கிடைக்கும்? கொப்பி இருக்கிறதுதானே?

கொப்பி நல்ல ஏற்பாடு, தங்கச்சி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2004 இல் கடல் வந்து உங்கள் ஊர் ஆஸ்பத்திரியையே அழித்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். வீடும் போய், ஆஸ்பத்திரிப் பதிவேடும் போனால், எந்த மருந்து எவ்வளவு குடித்தோம் என்பதை நோயாளியின் நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிள்ளையின் தடுப்பூசி விபரமும் அப்படித்தான். இன்னொன்று, இங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படும் நோயாளிக்கு அங்கே போய் அதே பரிசோதனைகளை மறுபடி செய்வார்கள். பஸ் காசு, ஒரு நாள் கூலி, இன்னொரு முறை இரத்தம் எடுப்பது எல்லாம் அவர் தலையில். பதிவு அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேருமென்றால் அதற்குச் செலவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

கேள்வி (மூதூர், கணினித்துறை மாணவர்): அண்ணா, லண்டனில் இருக்கும் என் அக்கா எல்லாவற்றையும் அங்குள்ள அரச சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். இன் செயலியில் பார்க்கிறா. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

அக்காவின் போனில் இருக்கும் செயலி வருவதற்கு முன் அவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், தம்பி. இங்கிலாந்து 2002 இல் எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே மாதிரிக் கணினி முறை கொண்டுவர ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. மேலேயிருந்து பெரிய பெரிய ஒப்பந்தங்கள் போட்டார்கள். அதைப் பாவிக்கப்போகும் டொக்டர்மாரையும் தாதியரையும் சரியாகக் கேட்கவில்லை. ஒப்பந்தம் எடுத்த கம்பனிகள் சில நடுவில் விலகின. 2011 இல் அந்தத் திட்டத்தைக் கலைப்பதாக அரசாங்கமே அறிவித்தது. 2013 இல் அவர்களுடைய பாராளுமன்றக் கணக்குக் குழு போட்ட கணக்கில் மொத்தச் செலவு ஏறத்தாழ 980 கோடி பவுண்.

அக்கா பாவிக்கும் செயலி 2019 இல்தான் பரவலாக வந்தது. அது பிடிபட்டதற்கு ஒரு காரணம், அங்கே குடும்ப டொக்டர்மாரின் பதிவுகள் ஏற்கெனவே பல வருடமாகக் கணினியில் இருந்தன. முகப்பைக் கொண்டுவந்து பொருத்த அடியில் ஒன்று இருந்தது. கொரோனாக் காலத்தில் தடுப்பூசிச் சான்றிதழை அதற்குள் வைத்ததும் கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்டார்கள்.

ஆனால் அது இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்தின் சுகாதாரம் தனி நிர்வாகம், அங்கே இருப்பவர்களுக்கு அந்தச் செயலி இல்லை. தங்களுடையதை 2025 டிசம்பரில் லனார்க்‌ஷயர் என்ற ஒரு பகுதியில் தொடங்கிப் பிறகு விரிப்போம் என்று அவர்களின் முதல் அமைச்சர் ஜோன் சுவின்னி 2025 ஜனவரியில் அறிவித்தார். பக்கத்து நாட்டில் செயலி வந்து ஆறு வருடம் கழித்தா என்று அங்கே பலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் ஒரு பகுதியில் தொடங்கிப் பிழை திருத்திக்கொண்டு போகும் முறை எனக்குப் பிடிக்கிறது.

அவுஸ்திரேலியாவின் கதையும் கேளுங்கள். கொரோனாத் தொற்றாளரோடு பழகியவர்களைக் கண்டுபிடிக்க 2020 ஏப்ரலில் ஒரு செயலி விட்டார்கள். 2 கோடி 10 லட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் போனது. 2022 ஓகஸ்டில் அதை மூடும்போது, சுகாதார ஊழியர்கள் ஏற்கெனவே கண்டுபிடிக்காத தொற்றாளர்களில் 2 பேரை மட்டும்தான் அது காட்டிக்கொடுத்தது என்று சுகாதார அமைச்சர் மார்க் பட்லர் சொன்னார். அவசரத்தில் வாங்கிய பொருள். எந்த நோக்கத்துக்கு வாங்கினார்களோ அதற்கு உதவுகிறதா என்று ஆறு மாதத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி (தம்பலகாமம், விவசாயி): வெளிநாடு தருகிற காசுதானே ஐயா? எங்கள் வரி இல்லையே?

கடன் என்றால் அதை அடைக்கப்போவது உங்கள் வரிதான். மானியம் என்றாலும் கதை அதோடு முடியாது. கணக்குப் பிரிவில் இரண்டு பெட்டி உண்டு: மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு. வெளிநாட்டுக் காசு பெரும்பாலும் முதல் பெட்டிக்கு வரும். கணினி வாங்கலாம், செயலி எழுதலாம், திறப்பு விழா வைக்கலாம். அடுத்த வருடத்திலிருந்து இணையக் கட்டணம், தரவை வைத்திருக்கும் வழங்கிக் கணினியின் வாடகை, திருத்துவேலை, ஆட்களின் சம்பளம் எல்லாம் இரண்டாவது பெட்டி. அதற்குத் திறைசேரிதான் தர வேண்டும்.

நான் வேலை செய்த ஒரு இடத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம், பெயர் வேண்டாம். திட்டக் காசில் புதுக் கணினிகள் வந்தன, நல்ல பிள்ளைகளைப் பயிற்றினோம், வெளிநோயாளர் பிரிவில் வரிசைகூடக் குறைந்தது. திட்டம் முடிந்து இரண்டாம் வருடம் மின்சாரம் நின்றால் தாங்கும் பற்றரிகள் செத்தன. மாற்ற ஒதுக்கீடு இல்லை. பிரிண்டருக்கு மை இல்லை. ஒவ்வொரு கடிதமாக எழுதினேன். கடைசியில் ஊழியர்கள் பழைய பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதை நாடே 2023 இல் பார்த்தது. அரச அலுவலகங்கள் இணையவழியே பொதுவாகப் பாவிக்கும் அரச மேகக்கணினியில் இருந்த மின்னஞ்சல்கள் மீது, தரவைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பல அலுவலகங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பாவித்தது 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். புதுப்பிக்கும் யோசனை 2021 இலிருந்தே இருந்தும் நிதி இல்லாமல் தள்ளிப்போனதாகப் பொறுப்பான நிறுவனமே சொன்னது. அந்த இடத்தில் உங்கள் இருதய நோய்ப் பதிவு இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

நல்ல உதாரணமும் இருக்கிறது. 1990 அம்புலன்ஸ் சேவை 2016 இல் இந்திய மானியத்தில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 இல் அதற்கென்று சட்டம் போட்டு அரசு பொறுப்பெடுத்து, ஓட்டச் செலவையும் ஏற்றதால்தான் இன்று திருகோணமலையில் அழைத்தாலும் வண்டி வருகிறது.

கேள்வி (நிலாவெளி, சிறு வியாபாரி): தனியார் கம்பனிக்குக் கொடுப்பது நல்லதா, நாமே செய்வது நல்லதா?

யார் செய்தாலும் செயலிக்காக எழுதிய கணினி நிரலும் அதில் சேரும் தரவும் அரசுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடத்தில் கம்பனி கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டிவரும், ஏனென்றால் வேறு யாராலும் அதைத் தொட முடியாது.

நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உருவான டி.எச்.ஐ.எஸ்.2 என்ற, யாரும் எடுத்து மாற்றிப் பாவிக்கக்கூடிய திறந்தமூல மென்பொருளை வைத்து, 2020 ஜனவரியிலேயே கொரோனாக் கண்காணிப்பு முறையொன்றை இலங்கையில் உருவாக்கினார்கள். விமான நிலையத்தில் வந்திறங்குபவர்களைப் பதிவதில் தொடங்கியது அது. பிறகு பல நாடுகள் அதை எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி பாவித்தன. உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருள், அதைத் தெரிந்த உள்ளூர் ஆட்கள். எங்கள் ஏழ்மைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (வெருகல், மகன்): அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பட்டன் போன்தான். அவருக்கு?

அவருக்காக ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அந்த ஆளின் சம்பளமும் திட்டச் செலவில் சேர வேண்டும். தமிழும் அப்படித்தான். முதல் நாளிலிருந்தே மூன்று மொழியிலும் எழுதினால் செலவு கொஞ்சம், எல்லாம் முடிந்தபின் ஒட்டுப்போட்டால் செலவும் கூட, தமிழும் விளங்காது. “அளவு முடிந்தது” என்று வருவதா “காலாவதி” என்று வருவதா என்பதில் ஒரு நோயாளியின் மருந்து தங்கியிருக்கிறது.

கேள்வி (பெயர் வேண்டாம், திருகோணமலை நகரம்): என் வருத்தம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகையாகப் பிரித்துக் கூடுதல் பாதுகாப்புக் கேட்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கியப் பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. யார் உங்கள் பதிவைத் திறந்தார்கள் என்று நீங்களே பார்க்கக்கூடிய வசதி செயலியில் இருக்க வேண்டும். கையில் காசு குறையும்போது முதலில் வெட்டுவது இந்த மாதிரி வசதியைத்தான். அதனால் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி (உப்புவெளி, இளைஞர் கழகச் செயலாளர்): சரி அண்ணா, யாரிடம் கேட்பது?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அதன் 9 ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளூர்க் காசில் 5 லட்சம் ரூபாவுக்கு மேல், வெளிநாட்டுக் காசில் 1 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் பெறுமதியான எந்தத் திட்டமென்றாலும், அவசரத் திட்டம் தவிர, தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே தகவலைப் பொதுமக்களுக்குச் சொல்வது பொறுப்பான அமைச்சரின் கடமை. நாட்டுக்கான செயலியொன்று அந்த எல்லையைத் தாண்டாமல் இருக்கவே முடியாது.

சுகாதார அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வணிக இரகசியம் என்று மறுத்தாலும் பொதுநலன் பெரிது என்று வாதாட அதே சட்டத்தில் இடமுண்டு.

“மொத்தம் எவ்வளவு” என்று மட்டும் கேட்டால் ஒரு இலக்கத்தை எழுதி அனுப்புவார்கள், அதிலிருந்து ஒன்றும் பிடிக்க முடியாது. முதல் ஐந்து வருடத்துக்கான மீண்டெழும் செலவு எவ்வளவு, எந்த ஒதுக்கீட்டிலிருந்து, நிரல் யாருக்குச் சொந்தம், திருகோணமலை மாவட்டத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரிகள் எந்த மாதத்தில் இணையும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சுகாதாரம் மாகாணத்துக்கும் பகிர்ந்த விடயம் என்பதால் கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள். அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம். வரைவை எழுதி அனுப்புங்கள், கணக்குச் சொற்களை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.