பத்தி எழுதினால் பொருளியலாளர் கெட்டுப்போவாரா?

அன்புள்ள அண்ணா,

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். பொருளியலில் முதுமாணி செய்துகொண்டே ஒரு தனியார் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், கிழங்கு மொத்த வியாபாரம். போன மாதம் ஒரு தமிழ்ப் பத்திரிகை கிழமைக்கு ஒரு பொருளாதாரப் பத்தி எழுத முடியுமா என்று கேட்டது. எனக்கு விருப்பம்தான். ஆனால் என் மேற்பார்வையாளர் வேண்டாம் என்கிறார். "போல் குருக்மனைப் பாருங்கள், எவ்வளவு பெரிய மூளை, பத்திரிகைக்குப் போன பிறகு ஆராய்ச்சி போச்சு, அரசியல் பேசுகிற ஆளாகிவிட்டார்" என்றார். நீங்கள் பல வருடங்களாக எழுதுகிறீர்கள். நான் எழுதலாமா?

ச.

அன்புள்ள தங்கச்சி,

எழுதுங்கள். பதில் அதுதான். ஆனால் உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவனாக மாட்டேன்.

குருக்மன் அமெரிக்கப் பொருளியலாளர், 1977இல் அங்குள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1979இல், இருபத்தாறு வயதில், பத்துப் பதினொரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை நாடுகள் ஏன் வியாபாரம் செய்கின்றன என்று கேட்டால், ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருப்பதால் என்றுதான் பாடம் சொல்லும். நாங்கள் தேயிலை விற்போம், அவர்கள் யந்திரம் விற்பார்கள். சரி, அப்படியென்றால் ஜெர்மனியும் பிரான்சும் ஏன் ஒன்றுக்கொன்று கார் விற்கின்றன? இரண்டும் ஒரே மாதிரி நாடுகள். ஒரு பொருளை நிறையச் செய்தால் அடக்கவிலை குறைகிறது, வாங்குகிறவர்களுக்கோ பல வகை வேண்டும், ஆகவே ஒவ்வொருவரும் சில வகைகளை மட்டும் பெரிதாகச் செய்து மாற்றிக்கொள்கிறார்கள் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு 1991இல் அதே எண்ணத்தை இடங்களுக்குக் கொண்டுபோனார், தொழில்கள் ஏன் ஓரிடத்தில் குவிகின்றன என்று. செட்டியார் தெரு முழுக்க நகைக்கடையாகவும் முதலாம் குறுக்குத் தெரு முழுக்க மின்சாதனக் கடையாகவும் இருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டு வேலைகளுக்காகவும்தான் 2008இல் நோபல் பரிசை வேறு யாரோடும் பகிராமல் பெற்றார்.

பத்தி தொடங்கியது 2000 ஜனவரியில், நியூயோர்க் டைம்ஸில், கிழமைக்கு இரண்டு. ஆக, பரிசு வாங்கித்தந்த வேலை எல்லாம் பத்திக்கு முந்தியது. உங்கள் மேற்பார்வையாளரின் பாதி உண்மை இது. ஆனால் பத்திதான் அவரைக் கெடுத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், ஏனென்றால் அந்த ஆராய்ச்சியும் அந்தப் பத்தியும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை. தான் எப்படி வேலை செய்கிறேன் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதில் நாலு விதிகள். உன் துறையின் பாஷை பேசாத புத்திசாலிகள் சொல்வதைக் கேள், கேள்வியையே கேள்வி கேள், அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் பயப்படாதே, இன்னும் எளிமையாக்கு, இன்னும் எளிமையாக்கு. ஒரு நல்ல பத்திரிகைப் பத்திக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் சொல்லுங்கள்?

இன்னொன்றையும் பாருங்கள். 1998இல் யப்பான் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வட்டி வீதம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால், மத்திய வங்கி எவ்வளவு பணம் விட்டாலும் அது அப்படியே தேங்கிக் கிடக்கும், வழக்கமான வைத்தியம் வேலை செய்யாது என்பது அதன் சாரம். பத்து வருடம் கழித்து அமெரிக்காவே அந்த இடத்தில் போய் விழுந்தது. அரசு இப்படிச் செலவழித்தால், மத்திய வங்கி இப்படிப் பணம் விட்டால் பணவீக்கம் பறக்கும் என்று பெரிய பெரிய ஆட்கள் பயமுறுத்தியபோது, பறக்காது, செலவழித்தது போதாது என்று கிழமைக்கு இரண்டு தடவை எழுதிக்கொண்டே இருந்தார். அந்த வருடங்களில் பணவீக்கம் பறக்கவில்லை. அந்தத் துணிவு அவருக்கு 1998இன் கட்டுரையிலிருந்துதான் வந்தது. நீங்கள் ஆய்வை விடாமல் இருக்கவேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான், நாளைக்குப் பத்தியில் நிற்க உங்களுக்கு ஒரு தரை வேண்டும்.

இனி கொழும்பிலிருந்து எழுதப்போகிற உங்களுக்கு நான் சொல்லியே ஆகவேண்டிய விஷயம். அந்தப் பத்திகளை இங்கே நிறையப் பேர் வாசித்தோம், அவை எங்களுக்கும் பொருந்தும் என்று நம்பினவர்களும் இருந்தார்கள். அமெரிக்கா தன் சொந்தப் பணத்தில் கடன் வாங்குகிற நாடு. நாங்கள் டொலரில் வாங்கிவிட்டு ரூபாவை அச்சடித்தோம். 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டினோம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். ஒரு பத்தி எந்த நாட்டுக்காக, எந்த வட்டி வீதத்தில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் இங்கே இறக்குமதி செய்வது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கு விளங்கியது.

நானும் பிழைவிட்டிருக்கிறேன். 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன் பத்திரத்தை அரசு கட்டி முடித்தபோது, இனி எப்படியோ சமாளித்துவிடுவார்கள் என்று எழுதினேன். மூன்று மாதம் தாங்கவில்லை. அந்த நாட்களில் வெள்ளவத்தையில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற ஓர் ஐயா, "தம்பி, ரூபாவை அச்சடிக்கிறாங்கள், டொலரை ஏன் அச்சடிக்க ஏலாது?" என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை வருடமாகத் தமிழில் பொருளாதாரம் எழுதுகிறேன், அந்த ஐயாவுக்கு வேண்டிய ஒரு பந்தியை நான் எழுதியிருக்கவில்லை. அடுத்த கிழமைப் பத்தியில் அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன், கீழே ஜனவரியில் நான் எழுதியது பிழை என்றும் போட்டேன்.

பிழையை ஒப்புக்கொள்வதில் குருக்மனிடம் படிக்க இருக்கிறது, அவரிடமிருந்து தவிர்க்கவும் இருக்கிறது. 2016இல் டிரம்ப் வென்ற இரவு, சந்தைகள் எப்போது மீளும் என்றால் ஒருபோதும் இல்லை என்பதே தன் முதல் பதில் என்று எழுதினார். சில நாட்களிலேயே திரும்பப் பெறவேண்டி வந்தது. 2021இல் அமெரிக்கப் பணவீக்கம் பெரிதாகாது, சீக்கிரம் தணியும் என்று நம்பினார், 2022 ஜூனில் அது 9.1 சதவீதத்துக்குப் போனது. அடுத்த மாதமே பணவீக்க விஷயத்தில் தான் பிழை என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு பத்தி எழுதி, எந்த இடத்தில் தன் கணக்கு தவறியது என்று காட்டினார். முதலாவது, கோபத்தில் அந்த இரவே எழுதியதால் வந்த பிழை. இரண்டாவது, கணக்குப் போட்டும் தவறியது. முதலாவதை நீங்கள் தவிர்க்கலாம். எழுதியதை ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் அனுப்புங்கள், அவ்வளவுதான். இரண்டாவது உங்களுக்கும் வரும், வரும்போது அவர் செய்ததைச் செய்யுங்கள்.

அரசியல் பேசுகிறவராகிவிட்டார் என்பது பற்றி: 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் புஷ்ஷின் வரிக்குறைப்புக் கணக்கு கூடிவரவில்லை என்று எழுதத் தொடங்கியதிலிருந்துதான் அவர் அந்தப் பக்கம் போனார். கணக்குப் பிழை என்று தெரிந்த பொருளியலாளர் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். இங்கே 2019இல் அந்த வரிவெட்டை வரவேற்றவர்களின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. தமிழில் அதைக் கூட்டிக் கழித்துச் சொல்ல இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

2024 டிசெம்பரில் அவர் அந்தப் பத்தியை நிறுத்தினார், ஏறக்குறைய 25 வருடம். கடைசிக் காலத்தில் தன் எழுத்தில் ஆசிரியர்கள் கைவைப்பது தாங்கமுடியாமல் போனது என்று பிறகு எழுதினார், இப்போது தனியாக இணையத்தில் எழுதுகிறார். அந்தப் பெயருக்கே அப்படியென்றால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ள முதல் பத்திரிகையிடம் ஒன்றை மட்டும் தெளிவாகப் பேசிவிடுங்கள்: எண்ணையும் வாதத்தையும் உங்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது. தலைப்பை அவர்கள் போடட்டும், நீளத்தைக் குறைக்கட்டும். என் தொடக்க வருடங்களில் ஒரு பத்திரிகையில் நான் எழுதிய "குறையலாம்" அச்சில் "குறையும்" என்று வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதம் நாலு பத்தி அதிகம் என்றால் இரண்டு என்று கேளுங்கள், முதுமாணி முடியும் மட்டும். கேட்டால் தருவார்கள், தமிழில் இதை எழுத ஆள் குறைவு.

முதல் பத்திக்கு வெங்காயத்தை எடுங்கள். டொலர் ஏறும்போது உடனே ஏறுகிற இறக்குமதி வெங்காய விலை, டொலர் இறங்கும்போது ஏன் அதே வேகத்தில் இறங்குவதில்லை என்று. உங்கள் அப்பாவுக்கு அதில் பாதிப் பதில் தெரியும், மேற்பார்வையாளருக்கு மற்றப் பாதி தெரியும். எழுதி முடித்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் நிறுத்தி "அதெப்படி?" என்று கேட்கிறாரோ, அந்த வரியை எனக்கு அனுப்புங்கள்.