முடிவே இல்லாத பயிற்சி

கேள்வி: என் தம்பி அறிவுசார் மாற்றுத்திறனாளி, வயது 28. ஆறு ஆண்டுகளாகத் தொழிற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வருகிறான். கேட்கும்போதெல்லாம் ‘இன்னும் தயாராகவில்லை’ என்கிறார்கள். வெளியே எல்லோரோடும் சேர்ந்து ஒரு வேலையில் இருக்க அவனால் முடியாதா?

பதில்: முடியும். ஆனால் ‘தயாரான பிறகு வேலை’ என்ற வரிசையை நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும். பயிற்சிக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உறை ஒட்டப் பழகியவருக்கு, புதிய இடத்தில், புதிய மனிதர்களுக்கு நடுவே அந்தப் பழக்கம் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பதுதான் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளில் பலருக்குக் கடினம். ஆகவே முதலில் வேலையில் சேர்த்து, அந்த வேலையை அங்கேயே கற்றுத்தரும் முறை 1980களில் அமெரிக்காவில் பரவியது. அதற்கு முன்பே, 1970களில், மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர் உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கின் 15 பாகங்களைப் பூட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். வேலையைச் சின்னஞ்சிறு படிகளாகப் பிரித்ததும், கற்பவர் தடுமாறும்போது குறையை அவரிடம் தேடாமல் கற்பிக்கும் விதத்தில் தேடியதும்தான் அவருடைய முறை.

உங்கள் கடிதத்தில் தம்பிக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு வாரங்கள் அவரைக் கவனித்து எழுதிவையுங்கள்: யாரும் சொல்லாமலே எதைச் செய்கிறார், எந்தச் சத்தம் அவரைக் கலைக்கிறது, எத்தனை மணி நேரம் சோர்வில்லாமல் இருக்கிறார், யாரோடு இருக்கும்போது முகம் மலர்கிறது. அவரிடமும் கேளுங்கள், சொல்லத் தெரியாதவர் என்றால் இரண்டு மூன்று இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். தானாகத் தேர்ந்தெடுத்த வேலையால் வாழும் உரிமையைத்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) தன் 27ஆம் பிரிவில் சொல்கிறது.

அதன் பிறகு, தெரிந்தவர்கள் நடத்தும் நிறுவனங்களுக்குச் செல்லுங்கள். ‘ஏதாவது வேலை கொடுங்கள்’ என்று கேட்காமல், அங்கே செய்ய ஆளில்லாமல் எது தேங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்க நேரமில்லாமல் நூலகர் திணறுகிறார் என்றால், பொருள்களை வரிசைப்படுத்துவதில் விருப்பமுள்ள ஒருவருக்கு அதுவே வேலையாக அமையலாம். முதல் சில வாரங்கள் பணிப் பயிற்றுநர் ஒருவர் உடன் இருந்து, பிறகு படிப்படியாக விலகிக்கொள்ளட்டும். அந்தப் பொறுப்பை நீங்களே ஏற்க வேண்டாம். கூடப்பிறந்தவர்களால் எளிதில் விலக முடிவதில்லை. ஊதியமும் அதே வேலைக்கு மற்றவர்கள் பெறுவதாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு மாற்றுத்திறனாளியைச் சேர்த்தோம். சக ஊழியர்கள் இரக்கப்பட்டு அவர் வேலையையும் தாங்களே முடித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவருக்கென்று தனியாக, அவர் செய்யாவிட்டால் அன்று நடக்காத ஒரு வேலையை ஒப்படையுங்கள். படிகளைப் படமாக வரைந்து அவர் மேசையருகே ஒட்டுங்கள். அவர் கேட்டால் மட்டும் உதவும்படி மற்றவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தவறு நேர்ந்தால் பிறரிடம் சொல்வதைப் போலவே அவரிடமும் நேரில் சொல்லுங்கள். தேநீர் இடைவேளைக்கு அழைக்கும்போது மட்டும் தாராளமாக முந்திக்கொள்ளலாம்.