பீளையைப் பிய்க்காதீர்கள், ஊற விடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து ஊரான டோங்காட்டிலிருந்து ஓர் ஆயா கேட்டிருக்கிறார்: "பேத்தி படிக்கப் போனதிலிருந்து அவளுடைய மால்ட்டீஸ் பூடில் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளை நாய், ஆறு வயது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வடிந்து, மூக்குக்கு இரு பக்கமும் செம்பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. காலையில் பீளை காய்ந்து முடியோடு ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் எடுக்கப் போனால் கடிக்க வருகிறது. பக்கத்து வீட்டில் ரூய்பாஸ் என்ற சிவப்பு மூலிகை டீயால் துடைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?"

அம்மா, அது கடிக்க வருவது குணக்கேடு அல்ல, வலி. காய்ந்த பீளை என்பது சளி, கண்ணீர், தூசி, உதிர்ந்த முடி எல்லாம் சேர்ந்து இறுகிய பசை. ஆறிய வெல்லப்பாகு தட்டைப் பிடித்துக்கொள்வதுபோல முடியின் அடிவரை பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் முடி வேரோடு இழுபடும், அடித்தோலும் கிழியும். போன குளிர்காலத்தில் ஒரு ஷீட்ஸூ நாயை என்னிடம் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள். பார்வைக்குக் கடுகளவு பீளைதான். ஊறவைத்து மெல்லத் தூக்கிப் பார்த்தால், அடியில் பத்து சென்ட் காசு அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவந்து, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் தினமும் சுத்தம் செய்தவர்தான். அக்கறையில் குறை இல்லை, கையில்தான் அவசரம்.

இந்த வேலையைச் செய்ய வேண்டியது விரல் அல்ல, தண்ணீர். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதும். மருந்துக்கடையில் விற்கும் சலைன் என்ற உப்புநீர் இருந்தால் இன்னும் நல்லது. வெதுவெதுப்பாக இருக்கட்டும், குழந்தையின் பாலைப் பார்ப்பதுபோல மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை கண்ணுக்குள் போய் உறுத்தும். பழைய வேட்டித் துணியைத் துவைத்து உள்ளங்கை அளவில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு துண்டு. ஒரு கண்ணைத் துடைத்ததை மறு கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது.

நாயை மடியில், அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி உட்கார வையுங்கள். எதிரே குனிந்து கையை நீட்டினால் எந்த நாயும் மிரளும். ஒரு கை தாடைக்கு அடியில் இருக்கட்டும். பிடரித் தோலை மட்டும் இறுக்கிப் பிடித்து இழுக்காதீர்கள். ஷீட்ஸூ, பக், பெக்கினீஸ் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை. கழுத்துத் தோலை இறுக்கியதால் கண்விழி பிதுங்கி வெளியே வந்த நாய்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். உங்கள் மால்ட்டீஸுக்கு அந்த அளவு பயம் இல்லை, ஆனாலும் அந்தப் பழக்கமே வேண்டாம்.

நனைத்த துணியை மூடிய கண்ணின் மேல் லேசாக வைத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். துணி ஆறினால் மறுபடி நனைத்து வையுங்கள். விரலால் தொட்டால் பீளை கஞ்சிபோலக் குழைய வேண்டும், அதுவரை பொறுங்கள். அப்புறம் கண்ணின் உள்மூலையிலிருந்து கீழ்நோக்கி, முடி போகும் போக்கிலேயே துடையுங்கள். மிச்சத்துக்கு மொட்டை முனையுள்ள பேன் சீப்பு நன்றாக உதவும். கண்ணுக்கும் சீப்புக்கும் நடுவில் உங்கள் கட்டைவிரல் இருக்கட்டும், நாய் திடீரென்று தலையைத் திருப்பினாலும் சீப்பு கண்ணில் படாது.

கடைசியாக உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எங்கள் டர்பன் பக்கத்துப் புழுக்கத்தில் ஈரமான முடி தானாகக் காயாது. அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் புளித்த வாடை வரும், நாய் சொறிய ஆரம்பிக்கும். முடிந்ததும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் நாய் என்பதால், முதல் சில நாள் துணியை வைத்து எடுப்பதோடு சரி. துடைப்பதெல்லாம் அது நம்பிய பிறகு.

ரூய்பாஸ் டீ விஷம் இல்லை. ஆனால் வெள்ளை முடியில் சிவந்த கறையைப் போக்க சிவந்த டீயையே தடவுவானேன்? வெறும் வெந்நீர் செய்யாத எதையும் அது செய்துவிடாது. டெட்டால், சாவ்லான், ஸ்பிரிட், பெராக்சைடு இவை கண் பக்கமே வரக் கூடாது, கருவிழியைப் புண்ணாக்கிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் கண்சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டை, கருவிழியில் புண் இருப்பது தெரியாமல் விட்டால், அந்தப் புண் ஆழமாகிக் கண்ணையே பறித்துவிடும்.

அந்தச் செம்பழுப்புக் கோடு அழுக்கு இல்லை. கண்ணீரில் போர்பிரின் என்ற நிறப்பொருள் இருக்கிறது, அது முடியில் ஊறிச் சாயம்போல ஏறிவிடும். தேய்த்தால் போகாது. ஈரத்தைக் கட்டுப்படுத்தினால் புது முடி வெள்ளையாக வளரும், பழையதை மெல்ல வெட்டிவிடலாம். கறை போக்கும் பொடி வாங்கும் முன் பொட்டலத்தைப் படியுங்கள். இப்படிப்பட்ட சில பொடிகளில் டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2014-ல் எச்சரித்தது. முகம் வெள்ளையாகத் தெரிவதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது சரியில்லை.

கண்ணில் தண்ணீர் ஏன் வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. மூக்குப் பக்கத்து முடி கருவிழியில் உரசலாம். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைத்திருக்கலாம். டோங்காட் என்கிறீர்கள், கரும்பு வெட்டும் மாதங்களில் தோட்டத்தைக் கொளுத்தும்போது கறுப்புச் சாம்பல் துணிக்கொடி வரை வந்து விழும். அன்று நாயை உள்ளே வையுங்கள், மாலையில் கண்ணைச் சலைனால் கழுவுங்கள். விளக்கேற்றிச் சாம்பிராணி போடும்போதும் அது வேறு அறையில் இருக்கட்டும்.

பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டால், காலால் தேய்த்தால், கருவிழி பால்போல மங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசி போடாத நாய்க்குக் கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து இருமலும் சேர்ந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். தோட்டத்தில் மேய்ந்த நாய் திடீரென்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கதறினால் எம்ஃபெஸி என்ற விஷம் துப்பும் நாகம் கண்ணில் துப்பியிருக்கலாம். அப்போது கொதித்து ஆறிய தண்ணீருக்குக் காத்திருக்காதீர்கள். குழாய் நீரை மெதுவாக விட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே காரில் ஏற்றுங்கள்.

பீளை கயிறுபோல இழுபட்டு, கண் பளபளப்பில்லாமல் இருந்தால் அது கண்வறட்சி. இதைப் பலர் வெறும் அழுக்கு என்று துடைத்தபடியே காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். மருத்துவர்கள் நாங்கள் கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையை 1 நிமிடம் வைத்துப் பார்ப்போம். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் கண்ணீர் போதவில்லை. ஆயுள் முழுக்கக் களிம்பு போட வேண்டியிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பார்வை பெரும்பாலும் தப்பிவிடும்.

பேத்திக்குப் போன் போட்டு ஒன்று கேளுங்கள்: கண்ணீர் வடிவது குட்டியாக இருந்ததிலிருந்தா, இல்லை சமீபத்திலா? குட்டியிலிருந்தே என்றால் மேலே சொன்னபடி தினம் ஒரு வேளை செய்து வாருங்கள், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது காட்டினால் போதும். சமீபத்தில்தான் என்றால் இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள். போகிற அன்று காலையில் மட்டும் கண்ணைத் துடைக்காதீர்கள், சொட்டும் விடாதீர்கள். பீளை எந்த நிறத்தில், எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை மருத்துவர் தன் கண்ணால் பார்க்கட்டும்.