பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகம்: ஆன்லைன் பேட்டி எடுப்பவர்களின் கேள்விகள்

ஓபிஎஸ்ஸில் (திரையையும் கேமராவையும் சேர்த்துப் பதிவு செய்யும் இலவச மென்பொருள்) என்னையும் விருந்தினரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் மேலும் கீழும் கறுப்பாகக் காலியிடம் விழுகிறது. ஏன்?

திரை 1920×1080. அதை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 960×1080, ஏறக்குறைய சதுரம். வெப்கேம் தருவதோ 16:9, அதாவது அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. அதை 960 அகலத்துக்குள் அடக்கினால் உயரம் 540தான் வரும். மேலே 270, கீழே 270 காலி.

காலியிடத்தில் பின்னணிப் படமும் பெயர்ப்பட்டையும் போட்டு ஒப்பேற்றலாம். ஆனால் பலர் போனில் பார்க்கிறார்கள், அங்கே முகம் சிறுத்துவிடும். அதனால் நான் வெட்டும் கட்சி. 1920 அகல வீடியோவைச் சுருக்காமல் இடமும் வலமும் தலா 480 பிக்சல் கிராப் செய்தால் (வெட்டினால்) கட்டம் நிறைந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு (மேக்கில் ஆப்ஷன்) ஓரத்தை இழுத்தால் போதும். விருந்தினரை நடுவில் உட்காரச் சொல்ல மறக்காதீர்கள். கையை வீசிப் பேசுகிறவர் என்றால் விரல்கள் கட்டத்துக்கு வெளியே போகும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அளவெல்லாம் சரியாக வைத்தும் ஏதோ ஒட்டாத மாதிரியே இருக்கிறது.

கட்டங்களின் அளவு ஒன்றாக இருந்தால் போதாது, தலைகளின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் லேப்டாப்புக்கு முட்டுக்கொடுத்த மாதிரி நெருங்கி உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் அறையின் மறுகோடியில் இருப்பார். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஒருவர் மற்றவரை அதட்டுவது போலவே தோன்றும்.

நான் செய்வது இதுதான். ஓபிஎஸ்ஸில் ஒரு கலர் சோர்ஸ் (ஒரே நிறத்தில் ஒரு கட்டம்) சேர்த்து, நாலு பிக்சல் உயரத்தில் மெல்லிய கோடாக்கி, மேலிருந்து 360ஆவது பிக்சலில், அதாவது மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைப்பேன். இருவர் கண்களும் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் கோட்டை மறைத்துவிடலாம். அப்புறம் நெற்றி முதல் தாடை வரை அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால் விருந்தினரின் படத்தைப் பெரிதாக்க ஆசை வரும். வேண்டாம். இணையம் வழியாக வரும் படம் ஏற்கெனவே இளைத்துத்தான் வருகிறது, பெரிதாக்கினால் மங்கும். நீங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளுங்கள். கேமரா கண் மட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை மடியில் லேப்டாப் வைத்துப் பேசிய விருந்தினருக்குத் தலையில் மின்விசிறி முளைத்த மாதிரி ஒரு மணி நேரம் பதிவு செய்து, பிறகு எடிட்டிங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிமனான புத்தகம் வைக்கச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

நெறியாளர் இடப்பக்கமா, வலப்பக்கமா?

சட்டம் ஒன்றும் இல்லை. விருந்தினரின் பார்வை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். படத்தில் அவர் இடப்பக்கம் பார்க்கிறார் என்றால் வலக் கட்டத்தில் வையுங்கள், உங்களைப் பார்ப்பது போல இருக்கும். மாற்றி வைத்தால் இருவரும் கோபித்துக்கொண்டு திரும்பியது போலாகிவிடும். படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள், பின்னால் இருக்கும் புத்தகத் தலைப்புகள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூம் ஜன்னலை ஓபிஎஸ்ஸில் கேப்சர் செய்து கிராப் பண்ணுகிறேன். நடுவில் யாராவது உள்ளே வந்தால் எல்லாம் குலைகிறது.

குலையத்தான் செய்யும். ஆள் கூடினால், எல்லோரையும் கட்டங்களாகக் காட்டும் கேலரி வியூ அந்தக் கட்டங்களை மாற்றி அடுக்கும், உங்கள் கிராப் பழைய இடத்திலேயே நிற்கும். விடிஓ.நிஞ்ஜா போன்ற இணையதளங்களில் விருந்தினருக்கு ஓர் இணைப்பை அனுப்பினால் அவருடைய வீடியோ மட்டும் தனியாக ஓபிஎஸ்ஸின் பிரவுசர் சோர்ஸில் (இணையப் பக்கத்தைக் காட்டும் கட்டம்) வந்து விழும். ஜூமை விட முடியாது என்றால், கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து, பதிவு அமைப்புகளில் ஒவ்வொருவருக்கும் தனி ஆடியோ ஃபைல் என்பதையாவது டிக் செய்துவையுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் இருமியதை அப்போதுதான் நீக்க முடியும்.

விருந்தினர் தன் போனில் எடுத்து அனுப்பிய வீடியோவில் குரல் போகப்போக உதட்டை விட்டு விலகுகிறது.

தொடக்கம் முதல் ஒரே அளவு விலகியிருந்தால் நகர்த்திச் சரிசெய்யலாம். போகப்போகக் கூடினால் சந்தேகப்பட வேண்டியது ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை. போன்கள் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் ரேட்டில் பதிவு செய்கின்றன, எடிட்டிங் மென்பொருள் சீரான ரேட்டை எதிர்பார்க்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்பதைத் தேர்ந்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். அடுத்த முறை பதிவு தொடங்கியதும் அவரை ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். ஆடியோவில் கூர்மையாக எழும் அந்தக் கோட்டை வைத்துப் பொருத்திவிடலாம்.

ஒரு மணி நேரப் பதிவு, மின்சாரம் போய் ஃபைல் திறக்கவே இல்லை.

சாதாரண எம்பி4 ஃபைலில் பதிவு நடுவில் நின்றால் அப்படித்தான். எம்கேவி என்ற ஃபைல் வகையில் பதிவு செய்யுங்கள், நின்ற இடம் வரை கிடைக்கும். முடிந்ததும் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து (படத்தைத் தொடாமல் ஃபைல் வகையை மட்டும் மாற்றி) எம்பி4 ஆக்கலாம்.

இதையே ரீல்ஸுக்கு மாற்ற?

பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இருவரும் கதவிடுக்கில் நிற்பது போல ஆவார்கள். 1080×1920இல் மேலே ஒருவர், கீழே ஒருவர், ஆளுக்கு 1080×960. வசன வரிகளை இரண்டும் சேரும் கோட்டில் வையுங்கள். அடியில் வைத்தால் செயலியின் பட்டன்கள் மறைக்கும்.