கொடுத்த படத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: பொழுதுபோக்காக இலவசக் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கிவரும் சிறு குழுவுக்கு, ஊதியம் எதுவும் பெறாமல் கதாபாத்திரப் படங்கள் வரைந்து கொடுத்தேன். கருத்து வேறுபாட்டால் இப்போது விலகிவிட்டேன். என் படங்களை நீக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: படங்களைக் கொடுத்தபோது என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. படைப்பாளர் உரிமைகளைக் காக்கும் 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எங்கும் பதிவு செய்யாமலே பதிப்புரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது. சம்பளமின்றி ஒரு குழுவுக்காக வரைந்ததால் மட்டும் அது கைமாறிவிடாது. ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (சில நிபந்தனைகளோடு எவரும் படைப்பைப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதிக்கும் பொது உரிமம்) ஒன்றின்கீழ் வழங்கியிருந்தால், நிபந்தனைகளைப் பின்பற்றும் வரை அதைப் பயன்படுத்துவோரை நீங்கள் தடுக்க முடியாது. 2013-இல் வெளியான அந்த உரிமத்தின் 4.0 பதிப்பின்படி, உங்கள் பெயரை நீக்குமாறு மட்டும் கேட்கலாம். இயன்றவரை அவர்கள் நீக்க வேண்டும்.

எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவானதே. எனினும், நீங்கள் வரைந்த வீரனுக்கு இன்னொருவர் நடக்கும் அசைவுகளை வரைந்திருப்பார், வேறொருவர் வாள் வீசும் ஃபிரேமுக்கு ஏற்ப ஒலியைப் பொருத்தியிருப்பார். உங்கள் படத்தை உருவினால் அவர்களுடைய உழைப்பும் சேர்ந்து போகும். வெளிவந்த பதிப்பை அப்படியே விட்டுவிட்டு, இனி வருபவற்றுக்கு மட்டும் மறுப்பதே முறை என்பது என் கருத்து. (கோபத்தில் எழுதிய கடிதத்தை ஒரு நாள் கழித்து அனுப்புவதும் நல்லது.)

நெடுநாள் நிலைத்த குழுக்கள் இந்தச் சிக்கலை வாசலிலேயே தீர்த்துவிடுகின்றன. 2003-இல் தொடங்கிய 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' விளையாட்டில் கலைப்படைப்புகளுக்கான உரிமங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுள்ளன. தன்னார்வலர்கள் நூல்களை வாசித்து ஒலிநூல்களாக்கும் லிப்ரிவாக்ஸ் திட்டத்தில், வாசிப்போர் தங்கள் ஒலிப்பதிவைப் பதிப்புரிமை ஏதுமின்றி எவரும் பயன்படுத்தும்படியே கொடுக்கிறார்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட இலவச விளையாட்டுக் குழுவுக்கு என் இசையை 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற நிபந்தனையோடு தரலாமா?

பதில்: தரலாம், வாங்கிக்கொள்ள அவர்களால் முடியுமா என்பதே ஐயம். ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியாகும் விளையாட்டை யாரும் விற்கலாம் என்பதால், அந்த உரிமத்தையே முழுமைக்கும் விரும்பும் குழுக்கள் உங்கள் நிபந்தனையை ஏற்பதில்லை. எதைத் தந்தாலும், இறுதி ஒலிக்கோப்போடு கருவிகள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் மூலக்கோப்பையும் கொடுங்கள். அது இல்லாமல் உங்களுக்குப் பின் வருபவரால் புல்லாங்குழலின் ஓசையை மட்டும் சற்றுக் குறைக்கக்கூட இயலாது.